தொட்டி மட்டம் காட்டும் பிரஷர் சென்சார்: வைஃபை வந்தால் ரீடிங் போய்விடுகிறது

மாடித்தொட்டி:
வணக்கம். மாடியில் ஒன்றரை மீட்டர் உயரத் தொட்டி, அடிக்குழாயில் 0.5 மெகாபாஸ்கல் பிரஷர் சென்சார் மாட்டியிருக்கிறேன், 5 வோல்ட் கொடுத்தால் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை தரும் வகை. இரண்டு 10 கே ரெசிஸ்டர் போட்டுப் பாதியாக்கி ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கண்ட்ரோலர் போர்டு) 25ஆம் பின்னில் கொடுத்தேன். சீரியல் மானிட்டரில் எண் வருகிறது, ஆனால் வைஃபையை இணைத்து எம்கியூடிடியில் (ரீடிங்கை சர்வருக்கு அனுப்பும் முறை) அனுப்ப ஆரம்பித்ததும் உருப்படியாக எதுவும் வருவதில்லை. வைஃபை இல்லாதபோதும் தண்ணீர் அசையாமல் இருக்க, எண் மட்டும் பத்துப் பதினைந்து மேலும் கீழும் குதிக்கிறது. போர்டு போய்விட்டதா?

ஈயப்புகை:
போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி இதில் இரண்டு, 25ஆம் பின் ஏடிசி2-இல் வருகிறது, வைஃபை ஓடும்போது ஏடிசி2-ஐ அதுவே எடுத்துக்கொள்ளும். 32 முதல் 39 வரை உள்ளவைதான் ஏடிசி1. வயரை 34க்கு மாற்றுங்கள், முதல் பிரச்சினை முடிந்தது. குதிப்பதற்கு, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, போர்டுக்கு ஒட்டியே. அப்புறம் புரோகிராமில் அனலாக்ரீடுக்குப் பதில் அனலாக்ரீட்மில்லிவோல்ட்ஸ் போடுங்கள், சிப்பிலேயே எழுதியிருக்கும் கேலிபரேஷனை (அளவுத் திருத்தத்தை) அது பார்த்துக்கொள்ளும்.

கணக்குப்புலி:
அதெல்லாம் சரி, ஆனால் சென்சாரையே யாரும் கேட்கவில்லையே! 0.5 மெகாபாஸ்கல் என்பது ஏறக்குறைய 50 மீட்டர் தண்ணீர். உங்கள் ஒன்றரை மீட்டர் 15 கிலோபாஸ்கல்கூட முழுதாக வராது. தொட்டி காலியாக இருந்தால் 0.5 வோல்ட், நிரம்பினால் சுமார் 0.62, அவ்வளவுதான் வித்தியாசம், 120 மில்லிவோல்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதையும் பாதியாக்கிவிட்டீர்கள். பன்னிரண்டு பிட்டில் (0 முதல் 4095 வரை எண்) மொத்தத் தொட்டியும் 80 படிக்குள் அடங்கிவிடும், அதில் பதினைந்து குதித்தால் அது கால் மீட்டருக்கு மேல் தண்ணீர்.

டிவைடரை (பாதியாக்கும் அந்த இரண்டு ரெசிஸ்டரை) எடுத்துவிட்டு 10 கே ஒன்றை மட்டும் தொடராக விடுங்கள் (சென்சார் கெட்டு 5 வோல்ட் வந்தாலும் பின் தப்பிக்கட்டும்), அட்டெனுவேஷனை (அளக்கும் முன் ஏடிசி வோல்டேஜைக் குறைக்கும் அளவை) 0 டெசிபெல் ஆக்குங்கள். அந்த அமைப்பில் 100 முதல் 950 மில்லிவோல்ட் வரை ஒழுங்காக அளக்கும், நமக்கு வேண்டியது 500லிருந்து 620. படிகள் நானூறுக்கு மேல் போய்விடும். இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தச் சென்சாரில் ஒரு சதவீதப் பிழை என்றாலே அரை மீட்டர் தண்ணீர். காலி, நிறைவு இரண்டையும் அளந்து சரிக்கட்டலாம், வெயிலில் நகர்வதை ஒன்றும் செய்ய முடியாது.

மாடித்தொட்டி:
அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்லை, கடையில் இதுதான் இருந்தது. வேறு எது வாங்கலாம்? மாடியிலிருந்து கீழே வயர் நீளம், பக்கத்திலேயே மோட்டாரும் ஓடும்.

கணக்குப்புலி:
நீளமான வயர் என்றால் வோல்டேஜை விட்டுவிடுங்கள் தம்பி. தண்ணீரில் மூழ்கும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் லெவல் சென்சார், 2 மீட்டர் ரேஞ்ச் பார்த்து வாங்குங்கள். கரண்ட் என்பதால் வயரின் ரெசிஸ்டன்ஸ் ரீடிங்கைத் தொடாது. கீழே 100 ஓம் போட்டால் 0.4 முதல் 2 வோல்ட், அட்டெனுவேஷனை மறுபடி 11 டெசிபெலுக்குக் கொண்டுவந்தால் ஈஎஸ்பி32-க்குக் கச்சிதம். 24 வோல்ட் சப்ளை தனியாக வேண்டும், செலவும் கூடத்தான்.

ஈயப்புகை:
அனுப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைஃபை சிக்னல் விடும் நொடியில் கரண்ட் சட்டென ஏறி 5 வோல்ட் லேசாக இறங்கும், இப்போதுள்ள சென்சாரின் அவுட்புட் சப்ளையோடு சேர்ந்தே இறங்கும். அதனால் முதலில் முப்பது நாற்பது ரீடிங் எடுத்து நடுமதிப்பை வைத்துக்கொண்டு, பிறகு அனுப்புங்கள். சதவீதமாக மாற்றி அனுப்பாதீர்கள், மில்லிவோல்டாகவே போகட்டும், கணக்கு சர்வரில் இருந்தால் சென்சார் மாற்றும்போது மாடி ஏறி புரோகிராம் ஏற்ற வேண்டியதில்லை. ரீட்டெயின் (கடைசி ரீடிங்கை சர்வரே வைத்திருக்கும் வசதி) போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மொபைலில் திறந்ததும் அடுத்த ரீடிங் வரும்வரை வெறுமையாகத்தான் இருக்கும்.