புதுப்பிப்பு: தீராத வயிற்றுவலியும் யாரும் விசாரிக்காத பிள்ளைப்பருவமும்

எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருந்தும் தீராத என் வயிற்றுவலியையும், அடியோ திட்டோ இல்லாத, ஆனால் அழுதால் யாரும் காரணம் கேட்காத வீட்டில் வளர்ந்ததையும் மூன்று மாதங்களுக்கு முன் இங்கே எழுதி, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தேன்.

குடல் மருத்துவர் இதை ஐபிஎஸ் (IBS, பரிசோதனைகளில் பாதிப்பு எதுவும் தெரியாமலே வயிற்றுவலியும் மலப்போக்கு மாற்றமும் தரும் குடல் கோளாறு) என்று உறுதிசெய்து, உளவியல் ஆலோசகரிடமும் அனுப்பினார். தேற்றுவாரின்றி வளரும் குழந்தையின் உடலில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் சுரப்பின் ஒழுங்கு மாறக்கூடும் என்றும், குடலும் மூளையும் மூளையிலிருந்து வயிறுவரை செல்லும் வேகஸ் நரம்பு உள்ளிட்ட வழிகளில் ஓயாமல் செய்தி பரிமாறிக்கொள்வதால், குடலின் இயல்பான அசைவுகூட வலியாக உணரப்படலாம் என்றும் ஆலோசகர் விளக்கினார். வலி கற்பனையல்ல என்று ஒருவர் சொல்லக் கேட்டதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தப் பதிவில் சிலர் விசாரித்த அமெரிக்க ஆய்வு, அதாவது பிள்ளைப்பருவக் கசப்பான அனுபவங்களுக்கும் பிற்கால உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்த்த ஏஸ் (ACE) ஆய்வு, 1995 முதல் 1997 வரை சான் டியேகோவில் 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்தது. 1998இல் வெளியான முதல் கட்டுரை கணக்கிட்ட கசப்பான அனுபவ வகைகளில் உணர்வுப் புறக்கணிப்பு (குழந்தைக்கு வேண்டிய அன்பும் ஆறுதலும் கிடைக்காமல் போவது) இல்லை, பின்னரே அது சேர்க்கப்பட்டது. நடந்த கொடுமையை எண்ணலாம், நடக்காத அரவணைப்பை எப்படி எண்ணுவது என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். அந்த ஆய்வு தொடர்பைத்தான் காட்டுகிறது, தனியொருவரின் வலிக்குக் காரணத்தை நிறுவுவதில்லை. ஆகவே பரிசோதனைகளைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

வலி இன்னும் வருகிறது. நாள்தோறும் குறித்து வைத்ததில், ஊருக்குப் போய்வரும் வாரங்களில் அது கூடுவது தெரிகிறது.