பூசணிப் பிஞ்சுகள் வெம்பி உதிர்கின்றன: தேனீக்களை வரவழைப்பது எப்படி?

கேள்வி: மதுரையில் உள்ள எங்கள் மாடித் தோட்டத்துப் பூசணிக்கொடியில் பெண் பூக்கள் நிறைய வந்தாலும், பிஞ்சுகள் விரல் அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகின்றன. தேனீக்களைக் காணவே முடியவில்லை. எந்தச் செடிகளை வைக்கலாம்?

பதில் 1: மகரந்தம் சேராததே காரணமாக இருக்கக்கூடும். பூசணிப்பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் கூம்பிவிடுவதால், தேனீக்கள் வரும்வரை நீங்களே காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் பகுதியான சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். துளசியைக் கிள்ளாமல் கதிர்விட விடுங்கள். எங்கள் வீட்டில் கொசுத்தேனீக்கள் (கொட்டாத சிறிய தேனீக்கள்) அந்தக் கதிர்களையே மொய்க்கின்றன.

பதில் 2: செடிகளோடு, தேனீக்கள் தங்க இடமும் வேண்டும். கத்தரிப்பூவைப் பற்றிக்கொண்டு, உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும் நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை அமைத்து வாழ்வது, ஆகவே கீழே தரையில் ஒரு மூலையைக் கொத்தாமல் விட்டுவையுங்கள்.

பதில் 3: பூச்சிக்கொல்லி தேனீக்களையும் பாதிக்கக்கூடும் என்பதால், அது வேப்பெண்ணெய்க் கரைசலானாலும், பூக்கள் கூம்பிய பின் மாலையில் மட்டும் தெளியுங்கள்.