இக்ரா அறிக்கையில் ‘இன்டிடெர்மினேட்’ (முடிவு சொல்ல இயலாதது) என்று வந்தால் நெகட்டிவ் என்று கொள்ளலாமா?

தாம்பரம்வாசி:
என் அக்காவுக்கு முடக்குவாதத்துக்கான பயோலாஜிக் ஊசி தொடங்கவிருப்பதால், மறைந்திருக்கும் காசநோய்த் தொற்று உண்டா என்று பார்க்க மருத்துவர் இக்ரா இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அறிக்கையில் நில் 0.08, டிபி1 0.11, டிபி2 0.10, மைட்டோஜென் 0.31 என்று உள்ளது. கீழே ‘இன்டிடெர்மினேட்’ என்று அச்சாகியிருக்கிறது. டிபி எண்கள் இரண்டும் குறைவாகத்தானே உள்ளன? அக்கா ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எடுத்துவருகிறார்.

ஆய்வகத்தான்:
நெகட்டிவ் என்று கொள்ளக் கூடாது. இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. டிபி குழாய்களின் உட்சுவரில் காசநோய்க் கிருமியின் புரதத் துண்டுகள் பூசப்பட்டிருக்கும். அவற்றை முன்பே சந்தித்த டி அணுக்கள் (நோயெதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகை) இரத்தத்தில் இருந்தால், 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்திருக்கும்போது தூண்டப்பட்டு, காமா இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கும். ‘நில்’ என்பது எதுவும் பூசாத ஒப்பீட்டுக் குழாய்; அதன் அளவைக் கழித்தபின் டிபி குழாயின் அளவு 0.35 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பாசிட்டிவ் என்ற பேச்சே எழும். மைட்டோஜென் குழாயில் இருப்பதோ ராஜ்மாவிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது டி அணுக்களை உசுப்பிவிடும். அக்காவுக்கு அதிலேயே, நில் போக, 0.23தான் வந்திருக்கிறது, 0.5 வர வேண்டும். அந்த உசுப்பலுக்கே எழாத அணுக்கள் டிபி குழாயில் பேசாமல் இருந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஸ்டீராய்டு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகிப்பது மாதிரி வந்த வழியைத்தான். இரத்தம் எடுத்தவுடன் குழாயைப் பத்து முறை குலுக்கி உட்சுவர் முழுதும் நனைக்க வேண்டும். 16 மணி நேரத்துக்குள் இன்குபேட்டரில் வைக்க வேண்டும். சென்னை வெயிலுக்குப் பயந்து இந்தக் குழாய்களையும் ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. இன்குபேட்டருக்கு முன் அப்படிக் குளிரூட்டக் கூடாது. மறுமுறை, இன்குபேட்டர் உள்ள ஆய்வகத்துக்கே நேரில் சென்று இரத்தம் கொடுங்கள்.

தாம்பரம்வாசி:
மிக்க நன்றி, ஐயா. அதற்குப் பதிலாக, காசநோய்த் தொற்றைத் தோலில் சோதிக்கும் மாண்டூ ஊசி போட்டுக்கொள்ளலாமா?

சேத்துப்பட்டு மருத்துவர்:
போடலாம், ஆனால் ஸ்டீராய்டு அதையும் மங்கச் செய்யும். மேலும் குழந்தைப் பருவத்தில் போட்ட பிசிஜி தடுப்பூசியால் மாண்டூ பாசிட்டிவ் காட்டக்கூடும். இக்ராவில் பயன்படும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்கள் பிசிஜியில் இல்லாததால் அந்தக் குழப்பம் அதில் இல்லை. இரண்டில் எது பாசிட்டிவ் ஆனாலும் தொற்று நேர்ந்திருக்கிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. நோய் மூண்டிருக்கிறதா என்பதை அறிகுறிகள், மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சளிப் பரிசோதனை ஆகியவற்றைக் கொண்டே முடிவுசெய்வோம். லிம்போசைட் (டி அணுக்கள் அடங்கிய வெள்ளை அணு வகை) எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லி, இக்ராவைத் திரும்ப எடுப்பது குறித்து வாதநோய் மருத்துவரிடம் கேளுங்கள். பரிசோதனை சரியாக வர வேண்டும் என்று ப்ரெட்னிசோலோனைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.