கரும்புத் தோட்டப் பகுதிக்கு இணையம்: வார்டு கூட்டத்தில் எதைக் கேட்பது?

கேள்வி (தமிழ் வகுப்பு ஆசிரியை, ஸ்டேங்கர், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். க்ளென்டேல் பக்கத்துக் கரும்புத் தோட்டப் பகுதிகளில் வாழும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சனிக்கிழமைகளில் இணையவழித் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். நகரத்துப் பிள்ளைகள் தடையின்றிப் பாடம் கேட்க, பள்ளத்தாக்கில் இருப்பவர்களின் குரல் பாதியிலேயே அறுந்துபோகிறது. மின்சாரம் நின்றால் சிறிது நேரத்தில் சிக்னலும் நின்றுவிடுகிறது. நகராட்சியின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்துக்கான வார்டு கூட்டம் விரைவில் நடக்கவிருக்கிறது. அங்கே புதிய கைபேசிக் கோபுரம் கேட்பதா, ஃபைபர் (கண்ணாடி இழைக் கம்பி) கேட்பதா? வெளிநாட்டிலிருந்து இணையம் கொண்டுவரும் கடலடிக் கம்பிகள் நம் வடகரையிலுள்ள மடூன்சினியிலேயே கரையேறுகின்றன என்கிறார்களே, பிறகு ஏன் நமக்கு இந்த நிலை?

மறுமொழி 1 (தொலைத்தொடர்புப் பொறியாளர், டர்பன்)

அம்மா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கொச்சியையும் நம்மையும் இணைக்கும் சேஃப் கம்பி 2002 முதல் மடூன்சினி வழியாகச் செல்கிறது. 2009இல் சீகாம், 2010இல் ஈஸி என்ற கம்பிகளும் அங்கேயே கரையேறின. ஆனால் அந்தக் கம்பிகளின் கொள்ளளவு நெடுஞ்சாலைகளை ஒட்டிய ஃபைபரில் பெருநகரங்களுக்குப் போய்விடுகிறது. உள்நாட்டுக் கோபுரங்கள் பலவற்றை இணைப்பது ஃபைபர் அன்று, ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு எதிரெதிரே நிற்கும் நுண்ணலைத் தட்டுகளே. வரிசையின் கடைசியில் நிற்கும் கோபுரத்துக்கு, முன்னால் உள்ளவை பயன்படுத்தியது போக மிஞ்சுவதுதான் கிடைக்கும். ஆகவே கைபேசியில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் படம் நகராவிட்டால், அங்கே இன்னொரு கோபுரம் நட்டுப் பயனில்லை; இருக்கும் கோபுரத்துக்கு ஃபைபர் வர வேண்டும். சிக்னலே எட்டாத மலை மடிப்புகளுக்கு மட்டும் புதிய கோபுரம் கேளுங்கள். 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மலைப்பாங்கான இடங்களில் தொலைதூரம் செல்லக்கூடியவை. பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு அவற்றை விட்டு விலகாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனதால் நாட்டுப்புறம் இழந்தது மிக அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

மின்சாரத்தையும் மறந்துவிடாதீர்கள். கோபுர மின்கலங்கள் சில மணி நேரமே தாங்கும்; 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அவை மீண்டும் நிரம்புவதற்குள் அடுத்த வெட்டு வந்தது. மின்கலத் திருட்டு வேறு. ஒரே கோபுரத்தை எல்லா நிறுவனங்களும் பகிர்ந்துகொண்டால் சூரியத் தகடு, காவல், பராமரிப்பு ஆகிய செலவுகளும் பகிர்ந்துகொள்ளப்படும்.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற நகராட்சி அலுவலர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் எழுதிய மனுக்கள் மேசையிலேயே கிடந்ததை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். நகராட்சி கோபுரம் நடுவதில்லை. சாலையோரம் தோண்ட அனுமதி தருவதும் நிலப்பயன்பாட்டுக்கு ஒப்புதல் தருவதும் அதன் கையில் உள்ளன. எனவே அனுமதிக்குக் காலவரம்பு கேளுங்கள். சாலை பழுதுபார்க்கும்போதெல்லாம் எதிர்கால ஃபைபருக்கென வெற்றுக் குழாய் புதைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் ஃபைபர் செலவில் பெரும்பங்கு தோண்டும் வேலைக்கே போகிறது.

கோபுரம் பற்றிய கோரிக்கை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசாவுக்குப் போக வேண்டும். 2022 மார்ச்சில் முடிந்த அலைக்கற்றை ஏலத்தில் அரசுக்கு 14.4 பில்லியன் ராண்டு கிடைத்தது. அந்த உரிமங்களோடு பின்தங்கிய பகுதிகளுக்குச் சேவை தரும் கடமையும், பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் இணைக்கும் கடமையும் வருகின்றன. உங்கள் வார்டிலுள்ள பள்ளிகளின் பெயர்களைக் குறிப்பிட்டு, இவற்றுக்கு எந்த நிறுவனம் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுமொழி 3 (இல்லத்தரசி, வெருலம்)

சிக்னல் வந்தாலும் டேட்டா வாங்கக் காசு வேண்டுமே, அக்கா. போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் அறிக்கை வெளியிட்ட பிறகு, 149 ராண்டாக இருந்த 1 ஜிபி மாதத் தொகுப்பு 2020 ஏப்ரலில் 99 ராண்டாகக் குறைந்தது. சிறு தொகுப்பு வாங்கும் ஏழைகளே ஒவ்வொரு எம்பிக்கும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்றும் அந்த அறிக்கை சொன்னது. என் அண்டை வீடுகளில் இன்றும் நாள் தொகுப்புதான் வாங்குகிறார்கள். அதனால் பள்ளிக்கு வரும் ஃபைபரிலிருந்து வளாகத்துக்கும் நூலகத்துக்கும் இலவச வைஃபை தர வேண்டும் என்பதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நகராட்சிக்கு ஒன்று, இக்காசாவுக்கு ஒன்று என இரண்டு மனுக்களாகவே எழுதுகிறோம். அதற்கு முன் எந்த வீட்டில் சிக்னலே இல்லை, எங்கே சிக்னல் இருந்தும் வேகம் இல்லை என்று பெற்றோரிடம் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.