கையில் 35 பங்கு, கடன் 65 பங்கு: வீட்டுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

புதுமனை:
மனை கையில் இருக்கிறது, அதன்மேல் கடன் எதுவும் இல்லை. இப்போதைக்குத் தரைத்தளம் மட்டும், 100 சதுர மீட்டர். பிறகு மாடி எடுக்கும் எண்ணம் உண்டு. மொத்தச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் சேமிப்பு 35, மீதி 65 வங்கிக் கடன். கான்ட்ராக்டர் சதுர மீட்டருக்கு ஒரே ரேட் சொல்லி, பரப்பளவால் பெருக்கி ஒரு பக்கத் தாளில் கொடுத்திருக்கிறார். வங்கியில் "வேலை முடிய முடியத்தான் பணம் வரும்" என்கிறார்கள்.

அந்தத் தாளை நம்பிக் கடன் தொகையை முடிவு செய்யலாமா? கைப்பணத்தை முதலில் போடுவதா, கடைசிக்கு வைத்திருப்பதா? வாடகையும் தவணையும் ஒன்றாக வரும் மாதங்களுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

தூக்குக்குண்டு:
அந்தத் தாளை வைத்துக் கடன் கேட்காதீங்க. சதுர மீட்டர் ரேட்டுக்குள்ள காம்பவுண்ட் சுவர், கேட், சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், மனையை மேடாக்கும் மண், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, அலமாரி வேலை எல்லாம் பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொண்ணையும் சொல்லி "இது இருக்கா, இல்லையா" என்று எழுத்தில் வாங்குங்க.

வரிசை இதுதான்: மண் பரிசோதனை, கட்டட அமைப்பு வரைபடம், அளவுப் பட்டியல் (எந்த வேலைக்கு எவ்வளவு பொருள் என்று ஒவ்வொண்ணா எழுதினது), அதுக்கப்புறம்தான் கடன் தொகை. வீட்டுச் செலவில் முன்கூட்டியே சொல்ல முடியாத பகுதி அஸ்திவாரம். களிமண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். அந்த மண்ணில் சாதாரண ஆழத்தில் அஸ்திவாரம் போட்டால் சுவர் மூலைக்கு மூலை சாய்வாக வெடிக்கும். தோண்டின பிறகு இதைக் கண்டுபிடிச்சா, கடன் அனுமதிக் கடிதம் வந்தாச்சு, தொகை போதாது.

மாடி எண்ணத்தை இன்றைக்கே பொறியாளரிடம் சொல்லிடணும். தூணும் அஸ்திவாரமும் இரண்டு தளச் சுமைக்குக் கணக்கிட்டால் இப்போது கூடுற செலவு கொஞ்சம்தான். பிறகு பலப்படுத்துறது பெரிய வேலை. மேலே நீட்டி விடுற தூண் கம்பிகளை வெறுமனே வெயில் மழையில் விடாதீங்க. சிமென்ட் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டில் மூடி வைக்கணும்.

அளவுப் பட்டியலைச் சரிபார்க்க ஒரு உதாரணம். 100 சதுர மீட்டர் கூரைத் தளம், 125 மி.மீ. கனம் என்றால் 12.5 கன மீட்டர் கான்கிரீட். 1:1.5:3 கலவைக்கு (சிமென்ட், மணல், ஜல்லி) கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட், அதாவது 50 கிலோ மூட்டை. ஆக தளத்துக்கு மட்டும் 100 மூட்டை, பீம் தனி. பட்டியலில் 60 என்று இருந்தால் கனம் குறைஞ்சிருக்கு, இல்லை கலவை மெலிஞ்சிருக்கு. எது என்று கேளுங்க. கம்பிக்கு, விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளம் ஏறக்குறைய 10.7 கிலோ. லாரியில் வர்ற கம்பியை எண்ணிப் பார்த்து எடைச் சீட்டோடு ஒப்பிடுங்க.

வீட்டின் வடிவமும் பணம்தான். 10க்கு 10 வீட்டுக்கு வெளிச்சுவர் 40 மீட்டர். அதே 100 சதுர மீட்டர், 20க்கு 5 என்றால் 50 மீட்டர். 3 மீட்டர் உயரத்துக்கு 30 சதுர மீட்டர் சுவர் கூடுது, இரண்டு பக்கமும் பூச்சு 60, அதோடு 10 மீட்டர் அஸ்திவாரம். சதுர மீட்டர் ரேட்டில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

வட்டிக்கணக்கு:
கைப்பணம் முதலில்தான் போகும். பெரும்பாலான வங்கிகள் உங்கள் பங்கு உள்ளே போன பிறகே முதல் தொகையை விடும். ஆனால் 35ஐயும் வேலைக்கென்றே கணக்கில் எழுதிவிட்டால் நடுவில் மூச்சு முட்டும். ஒரு கட்டம் முடிந்தது என்று நீங்கள் எழுதிக் கொடுத்து, மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, அறிக்கை போய், பணம் இறங்க வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை கொத்தனாரும் ஜல்லி லாரியும் காத்திருக்க மாட்டார்கள். மிகப் பெரிய ஒரு கட்டத்துக்கான பணம் எப்போதும் சுழற்சியில் இருக்க வேண்டும். அது பொதுவாகத் தளம் போடும் கட்டம். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்), கம்பி, சிமென்ட், கூலி எல்லாம் ஒரே நேரத்தில் கை நீட்டும்.

உங்கள் 100 பங்குக்குள் எதிர்பாராச் செலவுக்கு 10 இருக்கிறதா? இல்லையென்றால் வீட்டின் விலை 110. அந்த 10ஐயும் சேர்த்தே கடன் அனுமதி வாங்கப் பாருங்கள். எடுக்காத தொகைக்கு வட்டி ஓடாது. சில இடங்களில் சிறு கட்டணம் உண்டு, அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். பாதிக் கட்டடத்தைக் காட்டிக் கூடுதல் கடன் கேட்பது புது விண்ணப்பம் போலத்தான்.

கட்டும் காலத்து வட்டி: கடன் 65, வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், வேலை 14 மாதம் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். பணம் படிப்படியாக இறங்குவதால் சராசரியில் பாதித் தொகைக்குத்தான் வட்டி. 65 × 0.09 × 14/12 × 0.5 = சுமார் 3.4 பங்கு. இதோடு 14 மாத வாடகை. இரண்டும் கான்ட்ராக்டர் தாளில் இருக்காது. இந்தக் காலத்தில் வட்டி மட்டும் கட்டினால் அசல் ஒரு காசும் குறையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாமதத்தின் விலை எல்லாக் கட்டத்திலும் ஒன்றல்ல. அஸ்திவாரத்தில் ஒரு மாதம் போனால் வட்டி அநேகமாக இல்லை. கடன் முழுதும் இறங்கிய பிறகு ஒரு மாதம் போனால் கிட்டத்தட்ட அரைப் பங்கு வட்டி, கூடவே வாடகை. எனவே டைல்ஸ், கதவு, குழாய்ச் சாமான் தேர்வை எல்லாம் தளம் போடுவதற்குள் முடித்துவிடுங்கள். கடைசி மாதங்கள் வீணாவது பெரும்பாலும் இந்தத் தேர்வு இழுபறியில்தான்.

மூலமட்டம்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒப்பந்தத்தில் கட்டணவரிசை தப்பா இருந்தா எதுவும் உதவாது. வழக்கமா நீட்டப்படுற தாள் இப்படி இருக்கும்: முன்பணம் 20, பேஸ்மட்டம் (தரை மட்டம் வரை) 20, லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் வர்ற பீம் வரை) 20, தளம் 25, பூச்சு 10, சாவி 5. தளம் போட்டதும் 85 சதவீதம் போயிடுச்சு! அப்போ நடந்திருக்கிற வேலையின் மதிப்பு பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். மின்சாரம், குழாய், பூச்சு, தரை, கதவு, பெயின்ட் எல்லாம் பாக்கி. மீதி 15க்கு யார் வேகமா வேலை செய்வாங்க?

முன்பணத்தை 5, அதிகம் போனா 10 என்று நிறுத்தி, அதையும் அடுத்த பில்களில் கழிக்கச் சொல்லுங்க. கட்டங்களின் பெயரும் எண்ணிக்கையும் வங்கி அட்டவணையோட ஒண்ணா இருக்கட்டும். வங்கி 5 கட்டம், கான்ட்ராக்டர் 8 கட்டம் என்றால் இடையில் விழுற ஓட்டையை நீங்கதான் அடைக்கணும். ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடிச்சு வைங்க. அதில் பாதி சாவி வாங்கும்போது, மீதி ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு. மாற்றம் எது சொன்னாலும் விலையும் கூடுதல் நாளும் எழுதி, இரண்டு கையெழுத்து விழுந்த பிறகே வேலை. வாய்வார்த்தையா சொன்ன ஜன்னல் கடைசி பில்லில் என்ன விலைக்கு வரும்னு யாருக்கும் தெரியாது.

புதுமனை:
அளவுப் பட்டியலை முதலில் கேட்கிறேன். பொருளை நானே வாங்கி, லேபர் மட்டும் கான்ட்ராக்ட் விட்டால் மிச்சமாகுமா?

தூக்குக்குண்டு:
பொருள் மேல அவர் வைக்கிற லாபம் மிச்சம். ஆனா சேதாரமும், சிமென்ட் வராத நாளில் சும்மா நிக்கிற ஆள் கூலியும் உங்க தலையில். தளம் ஒழுகினா அவர் சிமென்ட்டைச் சொல்வார், நீங்க வேலையைச் சொல்வீங்க. தினமும் வேலை நடக்கிற இடத்தில் நிக்க ஆள் இல்லைன்னா கட்டட வேலையைப் பொருளோடு விட்டுட்டு, டைல்ஸ், குழாய்ச் சாமான், விளக்கு, பெயின்ட் மட்டும் நீங்க வாங்குங்க. டைல்ஸ் 5 முதல் 10 சதவீதம் கூட, ஒரே தொகுப்பு எண்ணில் எடுக்கணும்; பிறகு போனா நிறம் ஒத்துவராது. சிமென்ட்டை மலிவுன்னு மொத்தமா வாங்கி அடுக்காதீங்க, 3 மாதம் கிடந்தாலே பலம் கணிசமா இறங்கும்.

மூலமட்டம்:
ஒண்ணு சேர்த்துக்கோங்க. குழாய் வேலைக்கான பில்லைச் சோதனை முடிஞ்ச பிறகே பாஸ் பண்ணணும். குழாயில் பம்பு வைத்து அழுத்தம் ஏத்தி, அழுத்தமானி முள் இறங்காமல் நிக்குதான்னு பார்த்துத்தான் சுவரை மூடணும். குளியலறைத் தரையில் நீர்க்காப்புப் பூச்சு முடிஞ்சதும் வடிகாலை அடைச்சுத் தண்ணி கட்டி, 48 மணி நேரம் விடுங்க. பக்கத்துச் சுவரில் ஈரம் தெரியலைன்னா டைல்ஸ் ஒட்டலாம். மூடுறதுக்கு முன்னாடி எல்லாச் சுவரையும் அளவு டேப் பக்கத்தில் வெச்சுப் போட்டோ எடுத்துக்கோங்க, பின்னால் ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.