வங்குரோத்து டிஸ்சார்ஜ் முடிந்த பிறகும் வீட்டைக் கேட்டுக் கடிதம் வருகிறது, உதவி தேவை

மிச்சம்வாசி:
வணக்கம். இங்கிலாந்தில் வங்குரோத்து (திவால்) ஆன அனுபவம் உள்ளவர்கள் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். பலசரக்குக் கடை நடத்தி நட்டப்பட்டு, 2023 ஜூனில் எனக்கு வங்குரோத்து ஆணை வந்தது. 2024 ஜூனில் தானாகவே டிஸ்சார்ஜ் ஆனேன், அதாவது கடன்களிலிருந்து விடுபட்டேன். அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தோம். இந்த ஜனவரியில் (2026) ஒரே மாதத்தில் மூன்று தலையிடி.

பழைய கிரெடிட் கார்ட் கடன் ஒன்றை ஒரு வசூல் நிறுவனம் வாங்கியிருக்கிறதாம். £4,200 கட்டச் சொல்கிறார்கள். அந்தக் கார்ட் என் வங்குரோத்து விண்ணப்பத்தில் கொடுத்த கடன் பட்டியலில் இல்லை.

அடுத்தது வீடு. என் பெயரிலும் மனைவி பெயரிலும் இருக்கிறது. மதிப்பு £430,000 அளவில், மோட்கேஜ் (வீட்டுக் கடன்) பாக்கி £330,000. 2021-ல் கடைக்காக வீட்டை வைத்து இன்னொரு £25,000 எடுத்திருந்தேன், அதுவும் அப்படியே நிற்கிறது. வீட்டில் உள்ள என் பங்கை என்ன செய்யப்போகிறீர்கள் என்று ட்ரஸ்டி (என் சொத்தை எடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்காக விற்கும் பொறுப்பாளர்) எழுதியிருக்கிறார். டிஸ்சார்ஜ் ஆனபின் எப்படிக் கேட்கலாம்?

மூன்றாவது, கடை லோனுக்கு மச்சான் ஜாமீன் கையெழுத்து வைத்தவர். இப்போது அவரிடம் £11,000 கேட்கிறார்கள். மனைவிக்கு நித்திரையே இல்லை.

ஈஸ்ட்ஹாம் ராசா:
அண்ணா, ட்ரஸ்டிக்கு 3 வருடம்தான் நேரம். ஜூன் வரை பதில் போடாமல் பேசாமல் இருங்கள். வீடு உங்களுக்கே திரும்பி வந்துவிடும்.

பழைய கணக்கர்:
ராசா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியைக் கேட்டு நடந்தால் வீடு போய்விடும்.

டிஸ்சார்ஜ் விடுவிப்பது உங்களை, உங்கள் சொத்தை அல்ல. ஆணை வந்த பிறகு உங்கள் சொத்து ட்ரஸ்டியின் கைக்குப் போய்விட்டது. ஒரு வருடம் கழித்து நீங்கள் கடனிலிருந்து விடுபட்டாலும் அந்தச் சொத்து அவரிடமேதான் இருக்கும். குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் தனிக் கெடு உண்டு: ஆணை வந்த தேதியிலிருந்து 3 வருடம். டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து அல்ல, கவனியுங்கள். அதற்குள் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் உங்கள் பங்கு உங்களிடம் திரும்பும். ஆனால் கெடு முடிவதற்குள் அவர் விற்பனை ஆணை கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டாலே போதும், கெடு நின்றுவிடும். பதில் வராத வீட்டுக்குத்தான் மனுப் போடுவார். முதல் வருடம் தாண்டிவிட்டதால், விசேஷமான சூழ்நிலை இல்லாவிட்டால் நீதிமன்றமும் கடன் கொடுத்தவர்கள் பக்கம்தான் நிற்கும். வழக்குச் செலவு வேறு. இந்தக் கடிதம் இப்போது வந்ததும் அந்தக் கெடு நெருங்குவதால்தான்.

வழக்கமான வழி, உங்கள் பங்கை மனைவி ட்ரஸ்டியிடமிருந்து விலை பேசி வாங்குவது. இங்கே கணக்கை நன்றாகப் பாருங்கள். சும்மா பார்த்தால் £430,000-ல் இரண்டு கடனையும் கழித்து மிச்சம் £75,000, உங்கள் பாதி £37,500. ஆனால் அந்த £25,000 உங்கள் கடைக்காக எடுத்தது. மனைவி தன் பங்கையும் சேர்த்து ஈடு வைத்தது உங்கள் கடனுக்கு. ஆகவே அது முதலில் உங்கள் பாதியில்தான் கழிய வேண்டும் என்று அவர் வாதாட இடமுண்டு. அப்படிப் பார்த்தால் மோட்கேஜ் கழித்து மிச்சம் £100,000, ஆளுக்கு £50,000, உங்கள் பங்கில் £25,000 போக £25,000. விற்பனைச் செலவையும் கழித்துப் பேசலாம். £12,500 வித்தியாசம் சின்னக் காசா? மனைவி தனக்கென்று தனியாக ஒரு சொலிசிட்டர் பிடிக்கட்டும், உங்கள் சொலிசிட்டரையே வைக்க வேண்டாம். வீட்டு மதிப்பையும் நீங்களே ஒருவரைக் கொண்டு எழுத்தில் எடுங்கள்.

ஹரோ அக்கா:
கார்ட் கடனுக்கு நான் சொல்கிறேன், எனக்கும் இப்படி வந்தது. ஆணைத் தேதிக்கு முன்னால் எடுத்த கடன் என்றால் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதுவும் அடங்கும். ஒரு பென்ஸ் கூடக் கட்டாதீர்கள். ஆணையின் நகலை வைத்து, தேதியைக் குறிப்பிட்டு எழுதிப் போடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி 3 மாதத்தில் வங்குரோத்துப் பதிவேட்டிலிருந்து பெயர் எடுபட்டுவிடும். கடனை வாங்கிய கம்பெனி தேடினால் அங்கே ஒன்றும் கிடைக்காது, அதனால்தான் இப்படிக் கடிதம் போடுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனதற்கான கடிதத்தை ஒஃபிஷியல் ரிசீவரிடம் (வங்குரோத்துகளைக் கவனிக்கும் அரசு அதிகாரி) கேட்டு வாங்கி வையுங்கள். கிரெடிட் ஃபைலில் ஆணைத் தேதியிலிருந்து 6 வருடம் பதிவு நிற்கும், அதற்கு மருந்தில்லை.

பழைய கணக்கர்:
அக்கா சொன்னது சரி. ஆனால் எல்லாக் கடனும் போகாது. நீதிமன்ற அபராதம், மாணவர் கடன், பிள்ளை பராமரிப்புப் பணம், ஏமாற்றி எடுத்த கடன் எல்லாம் டிஸ்சார்ஜுக்குப் பிறகும் தொடரும். வருமான வரிப் பாக்கி போகும், பலர் போகாது என்று நினைக்கிறார்கள். ஈடு வைத்த கடன் ஈட்டோடு நிற்கும். மோட்கேஜ் கட்டாவிட்டால் வங்கி வீட்டை எடுக்கும்.

மச்சான் விஷயம் கசப்பானது. நீங்கள் விடுபட்டது அவரை விடுவிக்காது, ஜாமீன்காரர் முழுசாகக் கட்டத்தான் வேண்டும். கட்டிவிட்டு அந்தப் பணத்துக்காக உங்கள்மேல் வழக்குப் போடவும் அவரால் முடியாது, அந்த உரிமையும் உங்கள் வங்குரோத்தோடு போய்விட்டது.

மிச்சம்வாசி:
மிக்க நன்றி. மச்சானுக்கு நானாகவே மாதம் கொஞ்சம் கொடுத்தால் சட்டப்படி பிழையா? நான் சீட்டுப் பணம் பாக்கி வைத்திருக்கும், சீட்டு நடத்திய இன்னொரு அக்காவும் 'சட்டம் வேறு, சீட்டு வேறு' என்கிறார்.

பழைய கணக்கர்:
பிழை இல்லை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் சம்பளம் உங்களுடையது, ஒஃபிஷியல் ரிசீவரோடு மாதக் கட்டண உடன்படிக்கை போட்டிருந்தால் அது போக. அது வழக்கமாக 3 வருடம், டிஸ்சார்ஜைத் தாண்டியும் ஓடும். சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்ட மிச்சமும் மற்றக் கடனைப் போலத்தான், சட்டப்படி போய்விட்டது. கோயிலில் முகம் பார்க்க வேண்டுமே என்று கொடுத்தால் அது உங்கள் விருப்பம். வீட்டுப் பங்கை முடித்துவிட்டுப் பிறகு கொடுங்கள்.

குரொய்டன் தம்பி:
இடையில் ஒரு கேள்வி. நான் வங்குரோத்தில் இருந்தபோது ஊரில் (யாழ்ப்பாணம்) அப்பா இறந்தார். காணி என் பெயருக்கு மாறியது டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான். தப்பினேனா?

பழைய கணக்கர்:
இல்லைத் தம்பி. பெயர் மாறிய தேதி அல்ல, அப்பா இறந்த தேதிதான் கணக்கு. அந்த 12 மாதத்துக்குள் வந்த உரிமையை 21 நாளுக்குள் ட்ரஸ்டிக்கு அறிவித்திருக்க வேண்டும். அவர் தெரிந்த நாளிலிருந்து 42 நாளுக்குள் அதைக் கோரலாம். யாழ்ப்பாணத்துக் காணி என்பதால் விதிவிலக்கு இல்லை, உலகில் எங்கே இருந்தாலும் சொத்துத்தான். இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மறைத்ததாக ஆனால் கிரிமினல் வழக்கு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு இறந்திருந்தால் முழுக்க உங்களுடையது.

மிச்சம்வாசி:
மனைவிக்கு வெள்ளிக்கிழமை சொலிசிட்டரிடம் நேரம் எடுத்துவிட்டோம். ட்ரஸ்டிக்கும் 'மனைவி வாங்க விரும்புகிறார், மதிப்பீடு வருகிறது' என்று ஈமெயில் போட்டாயிற்று. அந்த £25,000 எதற்குப் போனது என்பதற்குக் கடையின் அக்கால பாங்க் ஸ்டேட்மெண்ட் போதுமா?

பழைய கணக்கர்:
போதும், லோன் ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.