இல்லத்தின் நிறுவனர் விலகுகிறார்: ஆவணங்களில் எதை முதலில் மாற்றுவது?

கேள்வி – இல்லச் செயலாளர்

சென்னையில் தெருவோரம் வாழ்வோருக்கான கிறிஸ்தவ இல்லம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவானது, வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவும் உண்டு. நிறுவனரான போதகர் ஐயா வயது காரணமாகத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகுகிறார். புதியவர் வெளியிலிருந்து வருகிறார். பிரிவுபசார விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. எந்த வேலையை முதலில் தொடங்குவது?

பதில் – தணிக்கைப் பணி

வங்கி வேலை முடியும்வரை விழாவைத் தள்ளி வையுங்கள். புதியவரை முதலில் சங்க உறுப்பினராகச் சேர்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, பிறகு சங்கத்தின் துணைவிதிப்படி தலைவராகத் தேர்ந்தெடுங்கள். இந்த வரிசை பிசகினால் தேர்வே செல்லாது என்று யாராவது கிளப்புவார்கள். அதன்பின் நிர்வாகிகள் மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7-ஐச் சங்கப் பதிவாளரிடம் கொடுங்கள்.

தீர்மானத்தில் ஒரு வரி மறக்காதீர்கள்: புதிய மாதிரிக் கையெழுத்தை வங்கி ஏற்கும் நாள்வரை பழைய கையெழுத்து அதிகாரம் தொடரும். இது இல்லாமல் ராஜினாமாவை மட்டும் வங்கிக்கு அனுப்பினால் கணக்கு நின்றுவிடும். அரிசிக்கடைக்கும் சமையல்காரர் சம்பளத்துக்கும் காசோலை போட ஆள் இருக்காது.

எஃப்சிஆர்ஏ-வுக்கு, நிர்வாகிகள் மாற்றத்தைத் தெரிவிக்கும் எஃப்சி-6இ படிவம், மாற்றம் நடந்த 45 நாட்களுக்குள். தொண்டு நிறுவனங்கள் பதிவுசெய்யும் அரசின் தர்பன் தளத்திலும் பெயர்களை மாற்றுங்கள். பெரும்பாலும் சிக்குவது தலைப்பெழுத்தில்தான்: ஆதாரில் ‘எஸ்.’ என்றும் பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகவும் இருக்கும். தேர்வுக்கு முன்பே இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பணம் வரும் கணக்கு புது டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் இருப்பதால் அங்கே தாள்கள் போய்வரும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வருமான வரி, தர்பன், எஃப்சிஆர்ஏ, வங்கி எல்லாவற்றுக்கும் ஓடிபி போவது பெரும்பாலும் நிறுவனரின் சொந்தக் கைபேசிக்கே. அவர் ஊர் மாறுமுன் உட்கார்ந்து மாற்றிவிடுங்கள்.

பதில் – துறவற சபை நிர்வாகம்

தாள்கள் சரியானாலும் மனங்கள் மாறாவிட்டால் பயனில்லை. அன்னை தெரசா 1990-லேயே உடல்நலம் காரணமாகத் தம் சபையின் தலைமையிலிருந்து விலக முன்வந்தார். சகோதரிகள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1997 மார்ச்சில்தான் அவருக்குப் பதிலாகச் சகோதரி நிர்மலா தலைவியாகத் தேர்வானார். அன்னை செப்டம்பரில் இறந்தார். ‘அன்னை’ என்ற பட்டத்தை நிர்மலா ஏற்கவில்லை. 2009-ல் சகோதரி பிரேமா, 2022-ல் சகோதரி ஜோசப் மைக்கேல் என்று தேர்தல் வழியே பொறுப்பு மாறியது.

உங்கள் துணைவிதியில் தலைவரின் பதவிக்காலமும் தேர்வு முறையும் தெளிவாக இல்லையென்றால், போதகர் ஐயா பதவியில் இருக்கும்போதே திருத்துங்கள். அவர் சொன்னால் உறுப்பினர்கள் கேட்பார்கள். விலகியபின் ஜெபக்கூட்டம் நடத்தட்டும், இல்லத்தாரைப் பார்க்க வரட்டும். சம்பளம், வேலைக்கு ஆள் எடுப்பது, இல்லத்தில் யாரைச் சேர்ப்பது என்பது பற்றிப் பணியாளரிடம் நேரடியாகச் சொல்லக்கூடாது. இதைத் தீர்மானமாகவே எழுதி வைப்பது அவருக்கும் மரியாதை.

பதில் – இரவு விடுதிப் பொறுப்பு

பீரோவை மறந்துவிடாதீர்கள். இல்லத்தாரின் ஆதார், முதியோர் உதவித்தொகை பாஸ்புக், கையில் கொடுத்துவைத்த பணம் எல்லாம் அதில்தான். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே பொருளை எழுதி, அவரையே கூப்பிட்டுக் காட்டி, கைரேகையோ கையெழுத்தோ வாங்கி, இரண்டு சாட்சிகளோடு சாவியைக் கைமாற்றுங்கள். மொத்தமாக ‘பீரோ ஒன்று’ என்று எழுதினால் பிறகு ஒரு பாஸ்புக் காணாமல் போனாலும் பழி புதியவர் தலையில் விழும்.

மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பட்டியலைத் தனியாக எடுங்கள்: மருந்து, அளவு, அடுத்த மருத்துவமனை நாள். ஒரு வாரம் மாத்திரை விட்டுப்போனால் அவர் மறுபடி தெருவுக்கே போய்விடக்கூடும். மாநகராட்சி ஒப்பந்தத்தில் நடக்கும் விடுதி என்றால் பொறுப்பாளர் மாற்றத்தை அங்கேயும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.